ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இங்கிலீஷில் வாய் திறக்க வைப்பது எப்படி?

முட்டம் டீச்சர்:

வணக்கம். முட்டம் பக்கம் ஒரு கடலோர ஊரில், தமிழ்வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். பாடத்தை உரக்க வாசிக்கச் சொன்னால் பாதிப் பேர் தடங்கல் இல்லாமல் வாசிப்பார்கள். கேள்வி பதிலை ஒப்பிப்பார்கள். "வாட் இஸ் யுவர் நேம்" என்று கேட்டால் வகுப்பே அதிரும். ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டால், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால்கூட, தலை குனிந்துவிடுகிறார்கள். கேள்வி புரியாமல் இல்லை. "புட்டும் பயறும்" என்று பக்கத்தில் இருப்பவளிடம் முணுமுணுப்பது எனக்கே கேட்கிறது. அதை என்னிடம் இங்கிலீஷில் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

பள்ளியைப் பார்வையிட வந்த ஒருவர், இங்கிலீஷ் பீரியடில் ஒரு வார்த்தை தமிழ் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியும் நடத்திப் பார்த்தேன். ஏற்கெனவே பேசுகிற மூன்று நான்கு பேர் பேசினார்கள், மற்றவர்கள் இன்னும் ஒடுங்கிப்போனார்கள். இன்னொன்று, பென்சிலால் ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லின் மேலும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு அதைத்தான் வாசிக்கிறார்கள். புத்தகத்தில் அச்சான எழுத்தைப் பார்ப்பதே இல்லை.

இந்தப் பிள்ளைகள் மந்தமானவர்கள் இல்லை. கடற்கரையில் இவர்கள் வாய் ஓயாது. ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ், கியர் என்று வள்ளத்துக் கதையில் இங்கிலீஷ் சொல் தானாக விழும். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம் அல்லவா, அப்போது அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்தால் மார்க்கைப் பற்றிக் கேட்பதில்லை. "எம்புள்ள இங்கிலீஷ் பேசுமா டீச்சர்?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு நல்ல பதில் சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

குலசேகரம், ஓய்வு பெற்ற ஆசிரியர்:

டீச்சர், நான் மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். அங்கேயும் இதே நிலைதான்.

தமிழைத் தடுக்காதீர்கள். பிள்ளை தமிழில் யோசிக்கட்டும், பக்கத்தில் இருப்பவனிடம் தமிழில் கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் தினமும் சொல்கிற காரியங்களை மட்டும் எப்போதும் இங்கிலீஷிலேயே சொல்லுங்கள்: புத்தகத்தை எடு, இங்கே வா, யார் வரவில்லை, போர்டை அழி. பொருள் கண்ணுக்குத் தெரிகிறது, நாள் தவறாமல் காதில் விழுகிறது, அதனால் ஒட்டிக்கொள்ளும். கதையில் கடினமான இடம் வந்தால் ஒரு வரி தமிழில் சொல்லிவிட்டு நகருங்கள். அதையே இங்கிலீஷில் சுற்றி வளைத்து விளக்கினால் பத்து நிமிடம் போகும், பாதிப் பேருக்கு அப்போதும் விளங்காது.

அடுத்தது, கேள்வி கேட்டபின் காத்திருப்பது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், அதற்குள் பதிலைத் தாங்களே சொல்கிறார்கள் அல்லது அடுத்த பிள்ளைக்குத் தாவுகிறார்கள் என்று கண்டார். 3 நொடி பொறுத்தால் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அது தாய்மொழியில் படித்த பிள்ளைகளின் கணக்கு. நம் பிள்ளை கேள்வியைத் தமிழுக்குக் கொண்டுபோய், பதிலைக் கண்டுபிடித்து, திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டுவர வேண்டும். கேட்டுவிட்டு மனதுக்குள் ஏழு எட்டு எண்ணுங்கள். வகுப்பு அமைதியாக இருப்பது முதலில் நமக்குத்தான் சங்கடம். பழகிவிடும்.

முக்கியமானது இனிமேல்தான். என்.எஸ்.பிரபு என்று ஒருவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு திட்டம் நடத்தினார், பெங்களூர்த் திட்டம் என்றே அதற்குப் பெயர். இலக்கணத்தைத் தனியாக நடத்தவில்லை. வரைபடம், ரயில் நேர அட்டவணை மாதிரி ஏதாவது ஒன்றைக் கொடுத்து, அதை வைத்து ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொன்னார்கள். புத்தி சிக்கலில் இருக்கும்போது மொழி உள்ளே இறங்கும் என்பது அவர் எண்ணம். நான் அதை நம் ஊருக்கு மாற்றிக்கொண்டேன். திருவனந்தபுரத்தில் காலை 10 மணிக்கு ஆஸ்பத்திரியில் பாட்டிக்கு அப்பாயின்ட்மென்ட். இரணியலில் ஏற வேண்டும். பாட்டியால் வேகமாக நடக்க முடியாது. குழித்துறையில் மாமாவும் ஏறுவார். போர்டில் நான்கு வண்டிகள், நேரங்களை நாமே போட்டுக்கொள்ளலாம். எதில் போவது? "வென் டஸ் இட் லீவ் இரணியல்?", "டஸ் இட் ஸ்டாப் அட் குழித்துறை?" என்று நான் கேட்கக் கேட்க, வாயே திறக்காத பையன் "நோ சார், லேட், லேட்!" என்று கத்துவான். அது ஒற்றைச் சொல்தான். ஆனால் யாரும் எழுதிக் கொடுக்காத சொல். "யெஸ், இட் வில் பி லேட்" என்று நீட்டிச் சொல்லிவிட்டு மேலே போங்கள். அந்த இடத்தில் திருத்தம் வேண்டாம்.

உங்கள் பிள்ளைகளுக்கு ரயில் வேண்டாம், மீன் ஏலத்தையே வையுங்கள். சாளை, அயிலை, சூரை, ஒவ்வொன்றுக்கும் விலை, கையில் இவ்வளவு பணம், வீட்டில் இத்தனை பேர்.

பென்சில் எழுத்துக்கு: பென்னும் பஸ்ஸும் தமிழில் ஒரே ப-வில்தான் தொடங்கும், அதனால்தான் அந்தக் குறிப்பு ஏமாற்றுகிறது. ஒரு துண்டுத் தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பென் சொல்லச் சொல்லுங்கள், தாள் ஆட வேண்டும். பஸ் என்றால் ஆடக்கூடாது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டமாக இருக்கும். ஒலி காதில் ஏறிவிட்டால் பென்சில் தானாகக் குறையும்.

விளவங்கோடு ஆசிரியர்:

சார் சொன்ன தாள் வேலையை நானும் செய்கிறேன். இந்தப் பக்கம் மலையாளம் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு இரண்டு ப-வும் வேறு என்பது வீட்டிலேயே தெரியும். அவர்களை முன்னால் நிறுத்திச் சொல்ல வைத்தால் மற்றவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இலக்கணத்தை அப்படியே விட்டுவிடலாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் வினை கடைசியில் வரும், "போனேன்" என்றாலே யார் என்பதும் தெரிந்துவிடும். இங்கிலீஷில் ஆளை முதலில் சொல்ல வேண்டும், வினை நடுவில் நிற்க வேண்டும். இதைச் சீட்டுகளில் எழுதி, பிள்ளைகளையே வரிசையாக நிற்க வைத்து மாற்றிக் காட்டினால் ஒரு பீரியடில் தெளிவு வருகிறது. அதோடு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்குத்தான், பேசுவதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தோடு இருக்கும் பெற்றோரும் உண்டு.

கருங்கல், இப்போது குவைத்தில் நர்ஸ்:

டீச்சர், நான் பத்தாவது வரை தமிழ்வழியில் படித்தவள். வேலைக்கு வந்த புதிதில் எனக்குக் கட்டுரை இங்கிலீஷ் தேவைப்படவே இல்லை. எகிப்து டாக்டர் ஒரு மாதிரி பேசுவார், ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ் இன்னொரு மாதிரி. விளங்கவில்லை என்றால் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கத் தைரியம் வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை யாராவது ஆறாம் வகுப்பிலேயே பழக்கியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். "சாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?" இதைத் தினமும் சொல்ல வையுங்கள். புரியாதபோது கேட்பது மரியாதைக்குறைவு இல்லை என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று எண்கள். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்பது ஃபோனில் ஒன்றுபோலக் கேட்கும். மருந்து அளவில் அது உயிர் விஷயம். அதனால் "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஸீரோ" என்று இலக்கமாகப் பிரித்துச் சொல்லி, கேட்டவர் அதைத் திரும்பச் சொல்லிக் காட்டுவார். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வதும் அப்படித்தான். ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுகிற விளையாட்டாக வகுப்பில் வைக்கலாம்.

முட்டம் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. மீன் ஏலத்தை இந்த வாரமே வைக்கிறேன், "ஸே தட் அகெய்ன்" போர்டின் மூலையில் நிரந்தரமாக இருக்கும். சாரிடம் ஒரு சந்தேகம். 38 பேரைக் குழுவாகப் பிரித்தால் பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வருமே, எப்படிச் சமாளித்தீர்கள்?

குலசேகரம், ஓய்வு பெற்ற ஆசிரியர்:

குழு பிரிக்க வேண்டாம் டீச்சர். பிரபுவின் திட்டத்திலும் குழு வேலை பெரிதாக இல்லை. முதலில் ஒரு கணக்கை முழு வகுப்போடு, நீங்கள் கேட்க அவர்கள் சொல்ல, போர்டில் தீர்த்துவிடுங்கள். பாதி பீரியட் அதற்கே போகும், போகட்டும். பிறகு அதே மாதிரி இன்னொரு கணக்கைக் கொடுத்து அவரவர் நோட்டில் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். திருத்தும்போது விலையும் மீனும் சரியா என்று மட்டும் பார்த்து மார்க் போடுங்கள். எழுத்துப்பிழையை நோட்டில் வட்டமிட வேண்டாம். விளவங்கோடு சார் சொன்ன வரிசை விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு பீரியட் ஒதுக்குங்கள், அது வீண்போகாது. நர்ஸ் அம்மா சொன்ன எண் விளையாட்டை இருவர் இருவராக வைக்கலாம், அது மெதுவான குரலிலேயே நடக்கும்.