சொந்தத் தொழில்ல இருந்து வேலைக்கு மாறினா சோஷியல் இன்சூரன்ஸ் ரெண்டு தடவ கட்டணுமா?

கேள்வி:
இவ்ளோ நாளா ஃப்ரீலான்ஸ் பண்ணி சோஷியல் இன்சூரன்ஸ் (பென்ஷன், மருத்துவம் மாதிரி அரசு காப்பீடு) சந்தாவ நானே கட்டிட்டிருந்தேன், அடுத்த மாசம் ஒரு கம்பெனில சேர்றேன், இனி சம்பளத்துலயும் பிடிப்பாங்கன்னு சொல்றாங்க. பழைய கிளையன்ட் ஒருத்தருக்கு லீவு நாள்ல வேலை செஞ்சு குடுக்கவும் போறேன், அப்போ ரெண்டுக்கும் கட்டணுமா?

பதில்:
ஒரே வருமானத்துக்கு ரெண்டு தடவ கிடையாதுங்க. சம்பளத்துக்கு உங்க பங்க பிடிச்சு கம்பெனி தன் பங்கையும் சேர்த்துக் கட்டிடும், கிளையன்ட் காசுக்குப் பல நாடுகள்ல தனிக் கணக்கு, சில நாடுகள்ல வேலைதான் முக்கிய வருமானம்னா சலுகை உண்டு. ஆனா நீங்க வேலைக்கு மாறுனத சோஷியல் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க! இல்லன்னா பல இடத்துல போன வருஷ லாபத்த வச்சே முன்பணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்துட்டே இருக்கும்.

இன்னொரு பதில்:
சந்தா பிடிக்கிற வருமானத்துக்கு உச்சவரம்பு இருக்கிற நாடுன்னா சம்பளமும் கிளையன்ட் காசும் சேந்து அதத் தாண்டுதான்னு பாருங்க, கூடுதலாக் கட்டுனத திரும்பக் கேக்க வழி இருக்கலாம். பேஸ்லிப்ப தூக்கிப் போட்டுடாதீங்க.

கேட்டவர்:
நன்றிங்க. நடுவுல ஒரு மாசம் சும்மா இருந்தா?

பதில்:
அந்த மாசம் பென்ஷன் கணக்குல விட்டுப்போகலாம். விருப்பச் சந்தா (நீங்களா விரும்பிக் கட்டறது) கட்டி நிரப்ப முடியுமான்னு விசாரிங்க, மருத்துவக் காப்பீடும் இந்தச் சந்தாவோட சேந்ததுன்னா அத மொதல்ல பாருங்க.