மீன் பெட்டியில் கோழிக்குஞ்சு: வீட்டில் முட்டை பொரிக்க வைத்தவர்களின் அனுபவங்கள்

மேட்டுக்காடு (காங்கேயம் பக்கம்)

எங்கள் காட்டில் 15 சிறுவிடை நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. ஒரு கோழி அவயத்துக்கு, அதாவது அடைகாக்கப் படுத்தால் மூன்று வாரம் எழாது. பிறகு குஞ்சுகளை இழுத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதம் திரியும். அதுவரை அதனிடமிருந்து முட்டை கிடையாது. அடைகாக்கிற வேலையைப் பெட்டியிடம் விட்டுவிட்டால் கோழி முட்டையிடுகிற வேலையை மட்டும் பார்க்குமே என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். பெட்டிதான் காலை வாரியது.

சந்தைக்கடை மீன்காரரிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கினேன். மூன்று நாள் வெயிலில் காயவைத்தும் மத்தி வாசம் போகவில்லை. 40 வாட் குண்டு பல்பு இரண்டு, பழைய கணினியிலிருந்து கழற்றிய சின்ன மின்விசிறி, சூட்டைப் பார்த்துப் பல்பை அணைத்து ஏற்றும் தெர்மோஸ்டாட் பலகை, ஒரு கிண்ணம் தண்ணீர். அவ்வளவுதான் இன்குபேட்டர். பலகையில் 37.7 டிகிரி என்று வைத்து 24 முட்டைகளை அடுக்கினேன். ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். தினமும் மூன்று முறை திருப்பினேன். ஒற்றைப்படையாகத் திருப்பினால்தான் நீண்ட இராப்பொழுதை முட்டை தினமும் ஒரே பக்கமாகப் படுத்துக் கழிக்காது.

7-ஆம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சின் வாயில் முட்டையை வைத்துப் பார்த்தேன். பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஆரஞ்சு வெளிச்சத்துக்குள் சிலந்தி கால் பரப்பி உட்கார்ந்ததுபோல் சிவப்பு நரம்புகள். நடுவே ஒரு கரும்புள்ளி துள்ளுகிறது. அந்தப் புள்ளிதான் கண். 17 முட்டைகளில் உயிர் இருந்தது. மீதி கூமுட்டை.

19-ஆம் நாள் இரவே ஒரு முட்டையில் விரிசல் விழுந்தது. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது என்று ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். அதுதான் கெட்ட சேதி என்று அப்போது எனக்குத் தெரியாது. மொத்தம் நாலு குஞ்சுகள் வெளியே வந்தன. தொப்புள் மூடாமல் இரத்தம் கசிந்து, மறுநாளே இரண்டு செத்தன. மற்ற முட்டைகளை உடைத்துப் பார்த்தால் இறகு முளைத்து, அலகு முளைத்து, எல்லாம் முழுதாக இருந்தும் உயிரில்லை. சேவல் சரியில்லை என்றேன். முட்டை பழசு என்றேன். ஆத்தா மட்டும், "கோழி சூட்டை வயிற்றால் பார்க்கிறது கண்ணு, நீ நம்பரால் பார்க்கிறாய்" என்றார்.

அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். பாதரசத் தெர்மாமீட்டரை உதறிவைக்கும்போது, பெட்டியின் சூட்டையும் இதை வைத்தே பார்க்கலாமே என்று தோன்றியது. காலிப் பெட்டியை ஓட விட்டு, முட்டை இருந்த மட்டத்தில் பல்புக்குப் பக்கத்து மூலையில் அதை ஒரு மணி நேரம் வைத்தேன். எவ்வளவு உயரம் ஏறினாலும் அங்கேயே நிற்பதுதான் அந்தக் கருவியின் குணம். பலகை 37.7 என்கிறது. பாதரசமோ 102.5 பாரன்ஹீட்டில் நிற்கிறது. அதாவது 39 டிகிரிக்கு மேல். பலகையின் உணரியை நான் காற்றுத் துளைக்கு நேராகத் தொங்கவிட்டிருந்தேன். வெளிக்காற்று அதன் மேலே பட்டுப் பட்டு, பெட்டி குளிர்ந்திருப்பதாக நினைத்து அது பல்பை எரியவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. என் முட்டைகள் அத்தனைக்கும் விடாத காய்ச்சல். சூடு கூடினால் முன்னதாகப் பொரிக்கும், தொப்புள் மூடாது. குறைந்தால் 21 நாள் தாண்டி இழுக்கும். இதைப் பிறகுதான் படித்தேன்.

வாய்க்கால்கரை (கோபிசெட்டிபாளையம்)

நீங்கள் சூட்டில் தோற்றீர்கள், நான் தண்ணீரில் தோற்றேன். ஈரப்பதம் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்களே தவிர எப்போது எவ்வளவு என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் வாய்க்காலும் வயலும்தான். அதிலும் நான் வைத்தது ஐப்பசி மழையில். முதல் நாளிலிருந்தே இரண்டு தட்டு நிறையத் தண்ணீர். 21-ஆம் நாள் முட்டைக்குள் சத்தம் கேட்டது. 22-ஆம் நாள் அதுவும் நின்றுவிட்டது. உடைத்தால் வழவழவென்று நீர்; மூச்சுவிட இடமில்லாமல் குஞ்சு மூழ்கியிருக்கிறது. அன்று சோறு இறங்கவில்லை எனக்கு.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அதன் வழியே நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, அகன்ற முனையில் காற்றறை பெரிதாக வேண்டும். கடைசியில் குஞ்சு அலகை முதலில் அதற்குள்தான் நீட்டி மூச்சிழுக்கிறது. 18 நாளில் முட்டையின் எடை 12 சதவீதம் அளவுக்குக் குறைந்தால் சரி. இப்போது மாவு நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். 42 கிராம் நாட்டு முட்டை 37-க்கு வந்துவிட்டால் எனக்கு நிம்மதி. தராசு இல்லாதவர்கள் டார்ச் அடித்து, காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் 7, 14, 18 நாள்களில் வரைந்து வந்தாலே போதும்; கோடு கீழே இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். முதல் 18 நாள் 50 சதவீத ஈரப்பதம், பிறகு 65-க்கு மேல். மழைக்காலத்தில் முதல் 18 நாளும் நான் தண்ணீரே வைப்பதில்லை. காங்கேயம் மாதிரி காய்ந்த காட்டில் அதையே செய்து வைக்காதீர்கள். அங்கே உள்சவ்வு காகிதம்போல் காய்ந்து குஞ்சைச் சுற்றிக்கொள்ளும்.

தறிக்காரர் (சென்னிமலை)

நான் 9 வாட் எல்இடி பல்பைப் போட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். பெட்டிக்குள் நல்ல வெளிச்சம்.

அமராவதிக்கரை (தாராபுரம்)

தறிக்காரர் அண்ணா, சிரித்து முடியவில்லை.

என் அனுபவம் பெட்டிக்கு வெளியே. சித்திரையில் பத்து நாளாகச் சேர்த்த முட்டைகளை அட்டாலியில் (பரணில்) வைத்திருந்தேன். வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி அடிக்கிற காலம். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, ராத்திரி குளிர்ந்ததும் செத்துவிடும் என்பது யாருக்குத் தெரியும்? 20 முட்டையில் 13, டார்ச் அடித்தபோது வெறும் இரத்த வளையம். இப்போது மணல் கொட்டிய தொட்டியில் மண்பானையைப் பதித்து, மணலை மட்டும் நனைக்கிறேன். முட்டை நனையாது. கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, ஒரு வாரத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. அழுக்கு முட்டையைக் கழுவி வைப்பதும் இல்லை. ஓட்டின் மேலிருக்கும் பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே நுழைய வழி கிடைத்துவிடும்.

இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று எங்கள் அம்மாயி அவயக் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் வரமிளகாயும் போடுவார். என் பெட்டியிலும் ஒரு லாடம் கிடக்கிறது. நம்பிக்கை இல்லை, எடுக்க மனமும் இல்லை.

மின்வெட்டுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. ஆடிக் காற்றில் கம்பி அறுந்து, 12-ஆம் நாள் இரவு ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. பெட்டியைத் திறக்காமல் இரண்டு கம்பளியைப் போர்த்திவிட்டுப் படுத்தேன். 14-ல் 11 பொரித்தன. கோழியும் தினம் ஒருமுறை இரை தின்ன எழுந்து போகத்தானே செய்கிறது? சில மணி நேரக் குளிரைக் கரு தாங்கும். கொஞ்ச நேரச் சூட்டைத்தான் தாங்காது.

கொல்லிமலைச்சாரல் (நாமக்கல்)

ஊருக்கே முட்டை கொடுக்கும் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். என் மச்சான் மகன் கடையில் 30 வெள்ளை முட்டை வாங்கிப் பெட்டியில் வைத்தான். ஒன்றிலும் நரம்பு ஓடவில்லை. பெட்டியைப் பிரித்து மாட்டினான், பல்பை மாற்றினான், இன்னொரு 30 வாங்கினான். பண்ணைக் கூண்டில் சேவல் ஏது தம்பி என்று கேட்ட பிறகுதான் முகம் மாறியது. 60 முட்டையையும் கூட்டிப் பார்த்தால் ஒரு விடைக்கோழியே வாங்கியிருக்கலாம்.

பொரித்த பிறகு என்ன என்று யாரும் எழுதவில்லை. குஞ்சு வெளியே வந்தவுடன் தீனி வேண்டாம். வயிற்றில் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளைப் பாருங்கள்: பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. கீழே செய்தித்தாள் விரிக்காதீர்கள், கால் வழுக்கிக் கவட்டை விரிந்துவிடும். சாக்கு போதும். குஞ்சு மூழ்காமலிருக்கத் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள். 7-ஆம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க லசோட்டா தடுப்புச் சொட்டு மருந்து; பனிக்கட்டி வைத்த பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-லிருந்து இருக்கிறது. சந்தேகம் வந்தால் நான் அங்கே போய்க் கேட்டுவிடுவேன். தொப்புளில் மஞ்சள் தடவச் சொன்ன வீடியோவை நம்பிய அனுபவமும் எனக்கு உண்டு, அதை விடுங்கள்.

மேட்டுக்காடு (காங்கேயம் பக்கம்)

எல்லாருக்கும் நன்றி. இரண்டாவது ஈடு முடிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உணரியை முட்டை மட்டத்துக்கு இறக்கினேன். பல்புக்கும் முட்டைக்கும் நடுவே ஒரு தகரத்தை நிறுத்தினேன். இரண்டு நாள் வெறும் பெட்டியை ஓடவிட்டு, நாலு மூலையிலும் அந்தக் காய்ச்சல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் முட்டையை வைத்தேன். 20 முட்டை, 16-ல் உயிர். அதே நாளில் ஆத்தா தன் பங்குக்கு ஒரு கோழியை ஏழு முட்டையோடு கூடையில் படுக்கவைத்தார். போட்டி என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் பட்டது.

18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, தண்ணீரைக் கூட்டி, மூடியைப் போட்டேன். போன முறை மணிக்கு நாலு தடவை திறந்து பார்த்தவன் என்பதால், மனைவி பெட்டியைச் சுற்றிப் பழைய சேலைக் கிழிசலால் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டாள். திறக்கத் திறக்க ஈரம் வெளியே போகும், ஓட்டைக் கொத்தத் தொடங்கிய குஞ்சு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். 20-ஆம் நாள் இரவு தெர்மாகோலில் காதை வைத்துக் கேட்டேன். மெல்லிய கீச் கீச். நான் விரலால் தட்டினால் நிற்கிறது, எடுத்தால் தொடர்கிறது. முதல் விரிசலிலிருந்து முதல் குஞ்சு வெளியே வர 14 மணி நேரம். ஓட்டை உரித்து உதவிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. அந்த முடிச்சு காப்பாற்றியது. 21-ஆம் நாள் சாயங்காலம் 13 குஞ்சுகள். தொப்புள் எல்லாம் காய்ந்து மூடியிருந்தன.

ஆத்தாவின் கோழிக்கு அதே நாளில் ஐந்து. இரவு பத்து மணிக்கு டார்ச்சை அணைத்துவிட்டு, என் குஞ்சுகளில் எட்டை ஒவ்வொன்றாகக் கோழியின் இறக்கைக்கு அடியில் நுழைத்தேன். இருட்டில் செய்தால் கோழி கண்டுகொள்ளாது, பகலில் செய்தால் கொத்தும். கோழி ஒருமுறை முனகி, உடம்பைப் பரப்பிக்கொண்டது.

காலையில் ஆத்தா கோழியை மூடியிருந்த கொடாப்புக் கூடையைத் தூக்கினார். கோழி வெளியே வந்தது, பின்னால் வரிசையாக 13. ஆத்தா எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் மடியில் எதையோ கட்டிக்கொண்டு பெட்டி இருக்கும் அறைக்கு வந்தார். அவிழ்த்தால் நாலு வான்கோழி முட்டை.

"இதற்கு 28 நாள் ஆகும் கண்ணு, பல்பு தாங்குமா?"