காளான் ரூமுக்கு 24 வோல்ட் அட்டமைசரா, 48 வோல்ட்டா? டிஸ்க் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை

கட்டபெட்டு பட்டன்:
வணக்கம். கோத்தகிரி பக்கம் பட்டன் காளான் ரூம், 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரம். ரூம் சூடு 15, 16 டிகிரியில் நிற்கிறது. 24 வோல்ட் ஒற்றைத் தலை அல்ட்ராசோனிக் மிஸ்ட் மேக்கர் (அட்டமைசர்; தலைக்கு ஒரு பீங்கான் டிஸ்க், அது நீருக்குள் அதிர்ந்து பனி எழுப்பும்) மூன்று ஒரு டப்பில் மிதக்கிறது. எஸ்எம்பிஎஸ் (லைன் கரண்ட்டை 24 வோல்ட்டாக்கும் பவர் சப்ளை) வீட்டில் இருக்கிறது, அங்கிருந்து 15 மீட்டர் 1 சதுர மி.மீ. ஒயர். தை, மாசியில் ஈரப்பதம் 70-ஐத் தாண்டுவதில்லை. கேசிங் மண் (காளான் பெட்டின் மேல் பரப்பும் மண்) மேலே வெளுத்துக் காய்கிறது, பின்ஹெட் (காளான் மொட்டு) கருகுகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம், டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்பின் அளவு) 310.

கேள்வி மூன்று. எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் திருகைத் திருப்பி 28 வோல்ட் வைத்தால் பனி கூடுமா? இல்லை 48 வோல்ட் பத்துத் தலை யூனிட் வாங்கிவிடலாமா? டிஸ்க் இரண்டு மாதத்துக்குள் போய்விடுகிறதே, அது ஏன்?

குன்னூர் வயரிங்:
28 வைக்காதீங்க. 24-க்குச் செய்த சர்க்யூட்டில் கூடுதல் வோல்ட் கொடுத்தா, கூடுற கரண்ட் டிரான்சிஸ்டரையும் சூடாக்கும். பனி கொஞ்சம் ஏறின மாதிரி தெரியும், ஆனா டிஸ்க் நடுவுல வெள்ளிப் பூச்சு சீக்கிரம் அரிச்சுக் கரும்புள்ளி விழும், இல்லைன்னா பீங்கானே விரிஞ்சிடும்.

முதல்ல யூனிட் பக்கத்துல, மூணும் ஓடும்போது மீட்டர் வச்சுப் பாருங்க. உங்க ஒயர் போக வர 30 மீட்டர். 1 சதுர மி.மீ. செம்புக்கு அது அரை ஓம் சொச்சம். மூணு தலைக்கு 3 ஆம்பியர்னா 1.6 வோல்ட் வழியிலேயே போயிடும், தலைக்குக் கிடைக்கிறது 22.4 தான். அதைச் சரிக்கட்ட எஸ்எம்பிஎஸ்ஸை 25.6-க்கு ஏத்தலாம்னு தோணும். அதுலயும் ஒரு சிக்கல்: தண்ணி குறைஞ்சு ரெண்டு தலை கட் ஆச்சுன்னா மிச்சம் இருக்கிற ஒண்ணுக்கு 25 போயிடும். 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்தா இழப்பு 0.6 வோல்ட்டுக்கு இறங்கிடும், திருகைத் தொடவே வேண்டாம்.

48 வோல்ட்டோட பலன் இந்த ஒயர்ல மட்டும்தான். அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர், அதனால இழப்பும் குறைவு. டிஸ்க் ஒண்ணுக்குப் போற சக்தி ரெண்டுலயும் ஏறக்குறைய 25 வாட்தான். 48-னா பனி இரட்டிப்பா வரும்னு நினைச்சு வாங்காதீங்க.

பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. சாயங்காலம் லைன் 180-க்கு இறங்கினா அதுல 19 வோல்ட்கூட வராது. தண்ணி மொட்டு மொட்டாக் குதிக்கும், பனி வராது. எஸ்எம்பிஎஸ்க்கு அந்தக் கவலை இல்லை. எதுவா இருந்தாலும் ரூமுக்கு வெளியே, சுவர்ல உயரமா மாட்டி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) வழியாத்தான் கரண்ட் எடுக்கணும். ஈரத் தரையில வெறுங்காலோட நிக்கிற இடம், இதுல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க.

தொட்டபெட்டா ஈரம்:
எத்தனை தலை வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். உங்கள் ரூம் 3000 கன அடி, அதாவது 85 கன மீட்டர். காளான் பறிப்புப் பருவத்தில் கரியமில வாயுவை வெளியேற்ற மணிக்கு இரண்டு முறை காற்று மாற்றினால் 170 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வருகிறது. உறைபனி விழும் இரவில் அந்தக் காற்று 5 டிகிரி, 60 சதவீதம் ஈரப்பதம் என்று வையுங்கள். அதில் கன மீட்டருக்கு 4 கிராம் நீர்தான் இருக்கும். அதே காற்று உள்ளே 16 டிகிரிக்கு வந்ததும் 30 சதவீதமாகிவிடும். வெளியே புல்லெல்லாம் வெள்ளை பூத்து நனைந்து கிடக்க, உள்ளே கேசிங் காய்வது இதனால்தான்.

16 டிகிரியில் 87 சதவீதம் வேண்டுமென்றால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 12 கிராம் வேண்டும். 8 கிராம் பற்றாக்குறை, பெருக்கினால் மணிக்கு 1.3 லிட்டர். குழாயிலும் சுவரிலும் படிந்து வீணாவதற்குப் பாதி சேர்த்தால் 2 லிட்டர். உங்கள் மூன்று தலையும் பெட்டியில் போட்டிருக்கிற அளவுப்படி மணிக்கு 400 மில்லி வீதம் 1.2 லிட்டர். அந்த அளவும் 25 டிகிரி தண்ணீருக்குத்தான். குளிர்ந்த நீரில் பிசுபிசுப்பும் மேற்பரப்பு இழுவிசையும் கூடுவதால் பனி நன்றாகக் குறையும். டப்பை வராந்தாவில் வைத்திருந்தால் இன்றே ரூமுக்குள் மாற்றுங்கள். காசு செலவில்லாத திருத்தம் இது ஒன்றுதான்.

ஐந்து அல்லது ஆறு தலை போதும். பத்துத் தலை யூனிட் இந்த ரூமுக்கு அதிகம். காளான் குடையின் மேல் நீர்ப்படலம் இரண்டு மூன்று மணி நேரம் காயாமல் நின்றால் பழுப்புப் புள்ளி நோய் வரும், அது பாக்டீரியா. பனி போதாத ரூமை ஒரு வாரத்தில் திருத்தலாம், புள்ளி விழுந்த பறிப்பை விற்கவே முடியாது.

பெரிய யூனிட் ஒன்றைவிட மூன்று தலை யூனிட் இரண்டு நல்லது. ஒன்று கெட்டாலும் அன்றிரவு மற்றது தாங்கும்.

ஃபேனைப் பனி போகும் பக்கம் வைக்காதீர்கள். மூடிய டப்புக்குள் காற்றை ஊதுகிற மாதிரி, உள்ளே வரும் பக்கம் இருக்கட்டும். 110 மி.மீ. பிவிசி குழாய், 60 செ.மீ.க்கு ஒரு துளை, துளைகள் மேல்பக்கம். குழாய் டப்பை நோக்கிச் சற்றே சரிந்திருந்தால் உள்ளே திரளும் நீர் பெட்டில் சொட்டாமல் டப்புக்கே திரும்பிவிடும்.

பூம்பாறை மேல்காடு:
டிஸ்க் சாவது பெரும்பாலும் தண்ணீரால். 310 டிடிஎஸ் என்றால் லிட்டருக்கு 0.3 கிராம் உப்பு. நாளைக்கு 16 லிட்டர் பனியானால் 5 கிராம் சுண்ணாம்புத் தூள் காற்றில் பறந்து குடையிலும் சுவரிலும் உங்கள் நெஞ்சிலும் படிகிறது. மிச்சம் டிஸ்க்கின் மேல் ஏடாக ஒட்டும். ஏடு கட்டியதும் அதிர்வு நீருக்குப் போகாமல் சூடாக டிஸ்க்குள்ளேயே நிற்கும், பிறகு விரிசல்தான்.

வடகிழக்குப் பருவமழையிலேயே 1000 லிட்டர் கறுப்புத் தொட்டியை நிரப்பி மூடிவிடுங்கள். முதல் மழையில் கூரை கழுவிய நீரைச் சேர்க்காதீர்கள். நாளைக்கு 16 லிட்டர் என்றால் ஏறக்குறைய ஒன்பது வாரம் வரும். ஒரு சங்கதி: மழைநீரில் உப்பே இல்லாததால், கம்பி முனை வைத்த நீர்மட்ட சென்சார் 'தண்ணீர் இல்லை' என்று நினைத்து யூனிட்டை ஓடவிடாது. யூனிட் கெட்டுவிட்டது என்று கழற்றாதீர்கள். பத்துப் பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்தால் ஓடிவிடும்.

டிஸ்க்குக்கு மேல் 3 முதல் 4 செ.மீ. நீர் நிற்க வேண்டும். மிதவை வைத்த யூனிட் அதைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆனால் மிதவை டப் ஓரத்தில் ஒட்டிச் சாய்ந்தால் ஒரு பக்கத் தலை வறண்டுவிடும். வறண்ட டிஸ்க் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

வாரம் ஒரு முறை கழுவுங்கள். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் தலையை 20 நிமிடம் ஊறவையுங்கள். மென்மையான டூத் பிரஷ்ஷால் லேசாகத் துடைத்து, நல்ல நீரில் இரண்டு முறை அலசுங்கள். நகம், பிளேடு, கம்பி நார் எதுவும் படக்கூடாது. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு அங்கேயே தொடங்கும். டப்பைத் தனியாகப் பிளீச்சிங் பவுடர் நீரில் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள். சிட்ரிக்கும் பிளீச்சிங்கும் ஒரே பாத்திரத்தில் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சிங் கலந்த நீரைப் பனியாக ஓட்டவும் கூடாது. சோப்பு வேண்டாம், துளி சோப்பு அல்லது எண்ணெய் மிஞ்சினாலும் நீர் குதிக்கும், பனி எழாது.

டிஸ்க் மாற்றும்போது பழையதன் விட்டத்தை அளந்து வாங்குங்கள். 20 மி.மீ., 1.7 மெகாஹெர்ட்ஸ் தான் அதிகம் புழங்குவது. 16 மி.மீ. டிஸ்க் 2.4 மெகாஹெர்ட்ஸ், மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. முழுப் பக்கமும் வெள்ளியாக இருக்கும் முகம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். நடுவில் சிறு வட்டம் இருக்கும் முகம் உள்ளே ஸ்பிரிங் பக்கம். வளையத்தைக் கழற்றியதும் உள்ளே பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள். பிடித்திருந்தால் ரப்பர் வழியாக நீர் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்து, ரப்பரையும் சேர்த்து மாற்றுங்கள். வளையத்தைக் கைப்பதமாக முறுக்கினால் போதும், இறுக்கி முறுக்கினால் டிஸ்க் அதிராது.

கட்டபெட்டு பட்டன்:
ரொம்ப நன்றிங்க. டப் வராந்தாவில்தான் இருந்தது, உள்ளே மாற்றியாச்சு. 2.5 ஒயரும் மூன்று தலை யூனிட் இரண்டும் வாங்குகிறேன். இன்னும் ஒரு சந்தேகம். ஈரப்பதக் கன்ட்ரோலர் சில சமயம் 99 காட்டி நின்றுவிடுகிறது. அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

தொட்டபெட்டா ஈரம்:
பனி நேராகப் படும் இடத்தில் சென்சார் இருந்தால் அதன்மேல் நீர் படிந்து 99 தான் காட்டும். துளைகளிலிருந்து தள்ளி, நடு அடுக்கு உயரத்தில், மேலே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி தொங்கவிடுங்கள்.

சரிபார்க்க உப்பு போதும். பாட்டில் மூடி நிறையத் தூள் உப்பு, அது ஈரமணல் பதத்துக்கு வரும் அளவு நீர், கரைந்து ஓடக்கூடாது. மூடியையும் காய்ந்த சென்சாரையும் ஒன்றோடொன்று படாமல் ஜிப் கவரில் போட்டு மூடி, வீட்டுக்குள் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் 4 அதிகமாகக் காட்டுகிறது, கன்ட்ரோலரில் அந்த 4-ஐக் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் தப்பினால் சென்சாரை மாற்றிவிடுங்கள். 85-க்கு ஓடி 89-க்கு நிற்கும்படி வையுங்கள். இடைவெளி இதைவிடக் குறைந்தால் யூனிட் நிமிடத்துக்கு ஒரு தடவை விட்டு விட்டு ஓடும்.

பூம்பாறை மேல்காடு:
ஒன்று விட்டுப்போனது. ரூமுக்குள் பறிக்கப் போகும்போது யூனிட்டை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் கழித்து, முகக்கவசத்தோடு போகச் சொல்லுங்கள். ஆடி மழையில் யூனிட் தேவைப்படாது. அப்போது அதை டப்பில் ஊறவிடாமல், சிட்ரிக்கில் கழுவி, துணியால் ஒற்றி, டிஸ்க் காய்ந்த பிறகு கவரில் போட்டு வையுங்கள்.