கோழி விரட்டிய சத்தம்

கொழிஞ்சாம்பாறை அம்மா

ஆறு மாதம் ஆகிவிட்டது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் நம் பெற்றோர் குழுவில் எழுதுகிறேன். பாப்பாவுக்கு இரண்டரை வயதில், காது கேட்க உள்காதில் கருவி வைக்கும் காக்ளியர் ஆபரேஷன். நான் சொல்ல வந்தது நடந்தபோது அந்தக் கருவியை ஸ்விட்ச் ஆன் செய்து ஐந்தாவது மாதம். வாரம் இரண்டு நாள் வீடியோவில் தெரபி, மாதம் ஒரு முறை நேரில். நேரில் என்றால் பஸ் மாறிப் போய்த் திரும்ப ஒரு பகல் முழுக்கப் போய்விடும், வீட்டுக்காரருக்கு அன்றைக்குக் கூலியும் கிடையாது. வீடியோ இல்லையென்றால் எப்போதோ விட்டிருப்போம். அதைக் குறை சொல்ல வரவில்லை.

அன்றைக்கு லிங் சவுண்ட், ஆறு ஒலிகளைச் சொல்லிக் காது கேட்கிறதா என்று பார்ப்பது. உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். கட்டையைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், சத்தம் கேட்டால் கிண்ணத்தில் போட வேண்டும். முதல் நாலுக்கும் பாப்பா டக்கென்று போட்டுவிடுவாள். ஷ், ஸ் இரண்டுக்கும் மூன்று வாரமாகப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மேப்பிங், அதாவது மெஷினில் வைக்கும் சத்த அளவை, மாற்ற வேண்டியிருக்கும் என்று தெரபி மேடம் சொல்லியிருந்தார். எனக்குத் தூக்கமே இல்லை.

மேடம் போனில் "ஸ்ஸ்" என்கிறார். பாப்பா அசையவில்லை. மறுபடியும் சொல்கிறார், அசையவில்லை. அப்போது வாசலில் மாமியார் நெல் காயப் போட்டிருந்தார், கோழி வந்துவிட்டது போல. "உஷ்ஷ்ஷ்" என்று ஒரு விரட்டு. பாப்பா கட்டையைக் கிண்ணத்தில் போட்டாள்! போட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

மேடம் சொன்னார், "இல்லை, நான் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. சும்மா போடுகிறாள். எடுத்துக் கையில் கொடுங்கள், காத்திருக்கப் பழகட்டும்." அவருக்கு மாமியார் சத்தம் போகவே இல்லை. அதை வீடியோ ஆப்பே வடிகட்டிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டையை எடுத்து, பாப்பாவின் விரலை மடக்கிப் பிடிக்க வைத்து, இல்லை என்று தலையாட்டினேன். அவள் மறுபடி வாசலைக் காட்டினாள். நான் மறுபடி தலையாட்டினேன். கேட்ட பிள்ளையிடம் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். மேடம் படித்தவர், நான் பத்தாவதோடு நின்றவள், அதனால் வாய் வரவில்லை. அந்த விரலை மடக்கியதுதான் இன்னும் உறுத்துகிறது.

வண்டிப்பெரியாறு

அக்கா, உங்களுக்காவது வீட்டில் டவர் இருக்கிறது. எங்கள் எஸ்டேட் லயத்தில் ஒரு கோடு கூட வராது. மேலே ரோட்டு வளைவில் ஜீப்பை நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்துதான் தெரபி. போனை டாஷ்போர்டில் சாய்த்து வைத்துவிடுவேன்.

ஒரு நாள் பையன் இறங்கி ஓடினான். பிடித்துத் தூக்கி வந்து பார்த்தால் காதில் மெஷின் இல்லை, தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் காயிலும் இல்லை. அது தொலைந்தால் லட்சக்கணக்கில் போகும், எங்களுக்கு அது எத்தனை வருடச் சம்பளம் என்று கணக்குப் போட வேண்டாம். மழை தூற ஆரம்பித்துவிட்டது. நான் தேயிலைச் செடிக்கு அடியில் தவழ்ந்து தேடுகிறேன், வீட்டுக்காரி அழுகிறாள், அட்டை வேறு காலில். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஜீப்புக்குள் போன் கத்துகிறது: "சேட்டா! சேட்டா! வாதிலில்! வாதிலில்!"

போனை எடுக்க ஓடினேன். மேடம் தன் திரையில் பார்த்தபடி விரலை நீட்டுகிறார், வாதில் என்றால் கதவு. திறந்து கிடந்த ஜீப் கதவில் காயிலின் காந்தம் ஒட்டிக்கொண்டு, மெஷின் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்குகிறது. இறங்கும்போது பையன் தலை கதவில் உரசியிருக்கிறது. பக்கத்தில் நின்ற எங்கள் கண்ணில் படவில்லை, எங்கேயோ திருவனந்தபுரத்தில் இருக்கிறவர் கண்ணில் பட்டது. அவ்வளவு நேரமும் அவர் கத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறார், எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

பாறசாலைக்காரி

என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. 2020 ஊரடங்கில் எல்லாம் அடைத்தபோது வீடியோவில்தான் ஆரம்பித்தோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கொழிஞ்சாம்பாறைத் தங்கச்சி, அன்றைக்கு உங்கள் பாப்பா "ஷ்" கேட்டாள் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? உங்கள் மாமியார் சொன்னது "உஷ்". முன்னால் ஒரு "உ" இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஊ ஏற்கெனவே கேட்கும். அந்த உகரத்துக்குத்தான் கட்டையைப் போட்டிருப்பாள். மேடம் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் போன் வழியாக ஸ் சொல்லிச் சோதித்தது தப்புதான். பழைய தொலைபேசியில் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தமே போகாது. ஸ் என்கிற ஒலியின் உயிரே 4000க்கு மேலேதான். இப்போதைய வீடியோ ஆப்கள் அதைவிட அகலமாக அனுப்பும், உண்மை. ஆனால் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று ஃபேன் சத்தம் என நினைத்து ஸ்ஸையும் சேர்த்துத் துடைத்துவிடும். போதாததற்குப் போனின் குட்டி ஸ்பீக்கர். ஆகவே லிங் சவுண்டை நீங்கள் சொல்ல வேண்டும், மேடம் பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஜூம் என்றால் ஒரிஜினல் சவுண்ட் என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்தால் உங்கள் வீட்டுச் சத்தம் அவருக்கும் போகும்.

சொல்லும்போது எதிரில் உட்காராதீர்கள், பக்கத்தில், மெஷின் இருக்கும் காதுப் பக்கம். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற பிள்ளைகள் பொல்லாதவர்கள். வாயைக் கையால் மூடவும் வேண்டாம், மூடினால் முதலில் மங்குவது "ஸ்" ஒலிதான். தினமும் காலையில் பேட்டரி பார்த்ததும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், நேற்றுக் கேட்டது இன்று கேட்கவில்லை என்றால் மெஷினைச் சந்தேகப்படுங்கள், பிள்ளையை அல்ல. எங்களுக்கு ஒரு மழைக்காலத்தில் மைக்கில் ஈரம் ஏறி, பத்து நாள் மகளைத்தான் அதட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி மெஷினை ஈரம் உறிஞ்சும் ட்ரை பாக்ஸில் வைக்காமல் தூங்காதீர்கள். வண்டிப்பெரியாறு தம்பி, மெஷினோடு ஒரு கயிறும் கிளிப்பும் தருவார்களே, அதைச் சட்டைக் காலரில் மாட்டியிருந்தால் தேயிலைக்குள் தவழ வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. வீட்டில் ஒரே மொழியாகப் பேசுங்கள். தெரபி மலையாளம் என்றால் வீட்டிலும் மலையாளம். இரண்டையும் கலந்தால் பிள்ளை குழம்பும். எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள், அப்படித்தான் செய்தோம்.

ஆரியங்காவு அப்பா

பாறசாலை அக்கா, மற்றதெல்லாம் சரி, கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

எங்கள் ரேஷன் கார்டு இந்தப் பக்கம், கேரளாவில். அதனால் கேரள அரசின் காக்ளியர் திட்டமான ஸ்ருதிதரங்கத்தில் ஆபரேஷன் நடந்தது. 2012ல் வந்த திட்டம், ஐந்து வயதுக்குள் என்று ஒரு கணக்கு, அதற்குள் ஓடிப் பிடித்தோம். தெரபியும் மலையாளத்தில் அமைந்தது. எங்களிடமும் ஒரே மொழி என்றுதான் சொன்னார்கள். நானும் மனைவியும் செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள், எங்கள் மலையாளம் பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்குகிற அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு பிள்ளையைக் கொஞ்ச முடியுமா? இரண்டு மாதம் முயன்று பார்த்தோம். வீடே ஊமை வீடாகிவிட்டது. தப்பாகப் பேசிவிடுவோமோ என்று என் அம்மா பேரனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். சத்தம் கேட்கட்டும் என்று ஆபரேஷன் செய்த பிள்ளைக்கு வீட்டில் சத்தமே இல்லை.

அப்புறம் வேறொரு மேடம் வந்தார். "உங்களுக்கு வாய் நிறைய வருகிற மொழியில் பேசுங்கள்" என்றார். பேசினோம். ஒரு நாள் வீடியோவில் அவர் பூனைப் படத்தைக் காட்டிவிட்டுச் சட்டென்று கீழே இறக்கினார். பையன் திரையைத் தட்டிச் சொன்னான்: "பூச்ச போச்சு."

இரண்டு வார்த்தை சேர்த்து அவன் பேசிய முதல் பேச்சு. பூச்ச மலையாளம், போச்சு தமிழ். மேடம் சிரித்த சிரிப்பில் வலதுபக்கத் தெற்றுப்பல் தெரிந்தது, எனக்கு இன்னும் அது கண்ணிலேயே நிற்கிறது. அம்மா உள்ளேயிருந்து "எங்கேடா போச்சு?" என்று கேட்டார், அவன் "போச்சு, போச்சு" என்று கையை விரித்தான். இது குழப்பம் என்றால் எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லோருமே குழம்பியவர்கள்தான்.

பாறசாலைக்காரி

தம்பி, உங்கள் பையனுக்குச் சரியாக வந்தது, சந்தோஷம். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி வருமா என்றுதான் கேட்கிறேன். என் மகள் மலையாளம் நன்றாகப் பேசுகிறாள். (என் அம்மாவிடம் மட்டும் இன்னும் சைகைதான். அதை நான் இதுவரை யோசிக்கவில்லை.)

கொழிஞ்சாம்பாறை அம்மா

பாறசாலை அக்கா சொன்ன அந்த "உ" என்னை இரண்டு நாள் படுத்திவிட்டது. நேற்றைய வகுப்பில் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், விரலை மடக்கியது வரை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, நான் கேட்காததை நீங்கள்தானே கேட்க முடியும்" என்றார். போனில் அந்த வடிகட்டியை நிறுத்தும் இடத்தையும் காட்டிக் கொடுத்தார்.

சரி, மறுபடி செய்து பார்ப்போம் என்று மாமியாரைப் பாப்பாவுக்குப் பின்னால் உட்கார வைத்தோம். "அத்தை, உ இல்லாமல் வெறும் ஷ் மட்டும் சொல்லுங்கள்" என்றேன். அவர் பாப்பாவைப் பார்த்தார், போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கோழி எங்கே?" என்றார்.

கோழி இல்லாமல் சும்மா விரட்ட அவருக்கு வரவில்லை. நாளைக்கு ஒன்றைப் பிடித்துக் கூடையில் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.