புதுப்பிப்பு: மாமா வாயில் இருந்த வெள்ளைத் திட்டு

வெற்றிலை, புகையிலை போடும் மாமாவுக்குக் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு. அது புற்றுநோயா என்று வெட்டாமல் சோதிக்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஒருவர் சொன்ன சில்லு (சிப்) சோதனையைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்டெவிட் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு அது. சின்ன பிரஷ்ஷால் திட்டைத் தேய்த்து, உதிரும் செல்களைச் சில்லுக்குள் சல்லடை மாதிரியான சவ்வில் பிடிக்கிறார்கள். ஒளிரும் சாயம் ஏற்றியதும், உட்கரு பெருத்திருக்கிறதா, வாய்ப்புற்றில் பெரும்பாலும் கூடும் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற புரதம் கூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். அருமையான யோசனைதான். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 52 பேர்.

டாக்டரிடம் கேட்டேன். “பிரஷ்ஷில் சந்தேகம் வந்தாலும் கடைசியில் பயாப்ஸிதான், கொஞ்சம் சதையை வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டும்” என்றார். சரி, செய்துவிட்டோம். மரத்துப்போக ஊசி, மிளகளவு சதை, இரண்டு தையல். மூன்று நாள் தயிர்சாதம்.

ரிப்போர்ட்டில் லேசான டிஸ்பிளேசியா. புற்று இல்லை, ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. மூன்று மாதத்தில் மறுபடி காட்ட வேண்டும்.

மாமா வெற்றிலைப் பெட்டியை அத்தையிடம் ஒப்படைத்துவிட்டார். “புகையிலைதானே கெடுதல்” என்று பாக்கை மட்டும் சட்டைப்பையில் வைத்திருந்தார். பாக்கும் புற்று உண்டாக்கும் என்று சொல்லி நேற்று அதையும் பிடுங்கினேன். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.