ராத்திரி ரெண்டு மணி சாட்டிங் துரோகமா, இல்லையா?

காவிரிக்கரைப் பையன்:
தஞ்சாவூரில் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு பேச்சு, இன்னும் ஓயவில்லை. கூடப் படிக்கிறவன் ஒருத்தன், காதலி இருக்கும்போதே பழைய ஸ்கூல் தோழியோடு ராத்திரி ரெண்டு மணி வரை சாட் பண்ணுகிறான், விடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறான். பையன்கள் முக்கால்வாசிப் பேர் "தொடக்கூட இல்லையே, இதில் என்ன துரோகம்" என்கிறார்கள். வகுப்புப் பெண்களோ அதுதான் துரோகம் என்கிறார்கள். நிஜமாகவே ரெண்டு பேருக்கும் அளவுகோல் வேறயா?

கும்பகோணத்துக்காரி:
அழிக்கிறான் இல்லையா, அப்புறம் என்ன கேள்வி? அந்தப் பையன்களிடமே திருப்பிக் கேளுங்கள். எங்கள் வகுப்பில் இதே "தொடவில்லையே" கட்சிக்காரன் ஒருத்தன், காதலியின் போட்டோவுக்கு சீனியர் ஒருத்தர் இதயம் போட்டதற்கு மன்னார்குடி பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே அவளிடம் பாஸ்வேர்டு கேட்டுச் சண்டை போட்டான். கண்டக்டர்தான் "உள்ளே வந்து சண்டை போடுப்பா" என்றார்.

மனநூல்:
தம்பி, 1992-ல் டேவிட் பஸ் என்ற உளவியலாளரின் குழுவினர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதற்குப் பக்கத்துக் கேள்வியைக் கேட்டார்கள். துணை இன்னொருவரோடு உடலால் சேர்வதா, மனசைப் பறிகொடுப்பதா, எது அதிகம் வலிக்கும்? ஆண்களில் 60 சதவீதம் பேர் முதலாவது என்றார்கள், பெண்களில் 83 சதவீதம் பேர் இரண்டாவது என்றார்கள். பரிணாமம்தான் காரணம் என்றார் பஸ். ஆனால் மீதி 40 சதவீத ஆண்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை! 1996-ல் டிஸ்டெனோ, சாலோவே என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்தக் கேள்வியையே குடைந்தார்கள்: ரெண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது, ஒன்று நடந்தால் மற்றதும் நடந்திருக்கும் என்று ஆட்கள் ஊகித்துக்கொள்கிறார்கள், அந்த ஊகத்தில்தான் ஆண் பெண் வித்தியாசம் என்று. தவிர, எது வலிக்கும் என்பது வேறு, எது துரோகம் என்பது வேறு. உங்கள் மெஸ்ஸில் ரெண்டையும் குழப்புகிறீர்கள்.

வடவாற்றங்கரை:
பரிணாமமெல்லாம் இருக்கட்டும். நம்ம பக்கம் ரெண்டு பேரைப் பூம்புகார் கடற்கரையில் யாராவது பார்த்துவிட்டால் பையனுக்குக் கிண்டலோடு போகும், பெண்ணுக்குப் படிப்பே நின்றுபோகும். அவ்வளவையும் பணயம் வைத்து வருகிறவள் ஒரு சாட்டையும் பெரிதாகத்தான் பார்ப்பாள். சட்டம் மட்டும் என்ன வாழ்ந்தது? கள்ள உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவு 2018-ல் ரத்தாகும்வரை, கணவன் கல்யாணமாகாத பெண்ணோடு போனால் அது குற்றமே இல்லை, மனைவி புகார் கொடுக்கவும் வழியில்லை.

காவிரிக்கரைப் பையன்:
அவனையே கேட்டுவிட்டேன். உன் ஆள் இப்படி ராத்திரி பேசி அழித்தால் சரியா என்று. "அது வேற மச்சான்" என்கிறான்.

கும்பகோணத்துக்காரி:
என்ன வேற என்று கேட்டுச் சொல்லுங்கள்.