பார்டெண்டர் வேலைக்குத் தனி உரிமம் வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம். தரமணியில் ஓட்டல் மேலாண்மை படித்து முடித்த என் தங்கை, சென்னையிலேயே நட்சத்திர ஓட்டலில் பார்டெண்டராகச் சேர விரும்புகிறாள். பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, அளவுக் குவளை இல்லாமலே 30 மில்லி பிசகாமல் ஊற்ற இரவெல்லாம் பழகுகிறாள்.

ஓட்டல் பாருக்கு எஃப்.எல்.3 என்ற, மது பரிமாறுவதற்கான அரசு உரிமம் உண்டு. அங்கே மது கலந்து கொடுப்பவரும் தனியாக உரிமம் வாங்க வேண்டுமா? வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு முகவர் பெருந்தொகை கேட்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பெண்களை பாரில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று டெல்லியில் இருந்த தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே தீர்ப்பளித்துவிட்டது. உறவினர்கள் வாயைத்தான் அடைக்க முடியவில்லை.

இந்தத் தொழிலில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, சேரும்போது என்னென்ன சான்றிதழ்கள் கேட்டார்கள்? இரவுப் பணி முடிந்ததும் வீடுவரை வண்டி தருவார்களா? முகவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.